டிகோடர் கொதிக்கிறதா? புதுசு வாங்கும் முன் இதையெல்லாம் பாருங்கள்

எதிர்வீட்டு அக்கா போன மாதம் ஒரு நாள் ராத்திரி வாசலில் நின்று கூப்பிட்டார். "தம்பி, டப்பா மறுபடியும் நின்னு போச்சு, எட்டரை நாடகம் போச்சு, கொஞ்சம் வந்து பாரேன்." போனேன். டிவியில் நாயகியின் முகம் கட்டம் கட்டமாகச் சிதறி அப்படியே உறைந்திருந்தது, குரல் இரண்டு முறை விக்கிவிட்டு அடங்கியது, ரிமோட்டை எப்படி அமுக்கினாலும் அசைவில்லை. டிகோடர், அதாவது டிஷ் பிடிக்கும் சிக்னலைப் படமாக்கி டிவிக்குக் கொடுக்கும் பெட்டி, எங்கே என்று கேட்டேன். கண்ணாடிக் கதவு போட்ட கேபினட்டுக்குள், கீழ்த்தட்டில் இருந்தது. அதன் மேல் ஒரு பழைய டிவிடி பிளேயர், பிளேயர் மேல் பின்னல் துணி, துணி மேல் பேரனின் பாலர் பள்ளிப் பட்டமளிப்புப் படம். டிகோடரின் மூடியில் உள்ளங்கையை வைத்தேன், மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன்.

டவுனில் விசாரித்ததற்கு "பெட்டி பழசு, மாத்திடுங்க" என்றார்களாம். மாற்றியிருந்தால் புதுப் பெட்டியும் அதே கேபினட்டுக்குள் அதே படத்துக்குக் கீழே போய் உட்கார்ந்திருக்கும், கொஞ்ச நாளில் அக்கா மறுபடியும் வாசலில் நின்றிருப்பார். நான் டிவி மெக்கானிக் இல்லை, செம்பனை ஆலையில் 18 வருடம் வயர்மேனாக இருந்தவன். சூடாகும் சாமான் எதுவானாலும் தேடும் முறை ஒன்றுதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. இதற்கு ஒரு மதியமும் கொஞ்சம் பொறுமையும் போதும், செலவு பத்து இருபது வெள்ளியை (ரிங்கிட்) தாண்டாது.

ஊரையும் சொல்ல வேண்டும். எங்களுடையது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். பழைய தோட்டத்து லயன் வீட்டில் பலகை இடுக்கு வழியாகக் காற்று தன்பாட்டுக்கு வந்து போகும். இப்போது தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் சுவர் கல், கூரை சூடு, சன்னலையும் கொசுவுக்குப் பயந்து மூடி வைத்திருப்போம். மதியம் இரண்டு மணிக்கு ஹாலில் 33, 34 டிகிரி சாதாரணம். பெரும்பாலான டிகோடர்களின் கையேட்டில் சுற்றுப்புறச் சூடு 40 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்று போட்டிருக்கும். 34இல் தொடங்குகிற நமக்கு அந்த 40 எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள். கேபினட் கதவை மூடினாலே போதும்.

சூடுதானா என்று முதலில் உறுதி செய்யுங்கள்

படம் உறைந்தாலே சூடு என்று முடிவு கட்டாதீர்கள். நம் ஊரில் மூன்று கோளாறு ஒன்றோடு ஒன்று கலந்து வரும்.

மழை பெய்யும்போது மட்டும் படம் போனால் அது மழைதான். நம் டிஷ் பிடிக்கிற கேயூ அலைவரிசையை அடர்த்தியான மழை உறிஞ்சிவிடும், மழை விட்டதும் திரும்பி வரும், பெட்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மழையே இல்லாமல் சில சேனல் மட்டும் எப்போதும் சிதறினால், டிஷ் அசைந்திருக்கலாம் அல்லது டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலை வாங்கும் எல்என்பி சோர்ந்திருக்கலாம். சூட்டுக் கோளாறு நேரம் பார்த்து வரும். காலையில் போட்டால் நன்றாக ஓடும், ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் நிற்கும், பிளக்கைப் பிடுங்கி அரை மணி ஆறவிட்டால் மறுபடியும் ஓடும், உடனே போட்டால் பத்து நிமிடத்தில் நிற்கும். மதியத்தில் இந்த இடைவெளி குறையும், விடியற்காலையில் நீளும்.

இன்னொரு அடையாளம் ரிமோட். சிக்னல் போயிருந்தால் பெட்டிக்கு உயிர் இருக்கும், மெனு திறக்கும், சேனல் எண் மாறும், "சிக்னல் இல்லை" என்ற வாசகம் திரையில் வரும். சூட்டில் தொங்கிப் போன பெட்டி எதற்கும் பதில் சொல்லாது, அல்லது தானாக அணைந்து அணைந்து எரியும். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு: உள்ளே சிக்னலைப் பிடிக்கும் டியூனர் பகுதி மட்டும் சூடேறினால் பெட்டி உயிரோடு இருந்தபடியே "சிக்னல் இல்லை" என்று சொல்லும். அதற்கு, பெட்டி குளிர்ந்திருக்கும்போது செட்டிங்கில் சிக்னல் அளவைப் பார்த்து எழுதி வையுங்கள், இரண்டு மணி நேரம் ஓடியபின் மறுபடியும் பாருங்கள். வானம் தெளிவாக இருந்தும் அளவு இறங்கியிருந்தால் சந்தேகம் சூட்டின் பக்கம் போகிறது.

மூன்று நாள் குறித்து வைப்பது நல்லது. அக்கா வீட்டில் தினசரி நாட்காட்டியின் தாளிலேயே எழுதச் சொன்னேன், எத்தனை மணிக்குப் போட்டார், எத்தனை மணிக்கு நின்றது, மழையா வெயிலா. மூன்று தாளையும் வரிசையாக வைத்ததும் விஷயம் தெரிந்துவிட்டது: மதியம் 50 நிமிடம், ராத்திரி இரண்டு மணி நேரம், காலை ஏழு மணிக்குப் போட்ட அன்று பதினொன்று வரை பிரச்சினையே இல்லை.

எவ்வளவு சூடு?

கை போதும். மூடியில் உள்ளங்கையைப் பத்து வினாடி வைக்க முடிந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை, வெதுவெதுப்பாக இருப்பது அதற்கு இயல்பு. உலோக மூடியில் கை நிற்காமல் எடுக்கத் தோன்றினால் 50 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடி அப்படி இருந்தால் உள்ளே இருக்கும் சில்லு அதைவிட நிறைய சூடாக இருக்கும்.

கோவிட் காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானி வீட்டில் கிடக்கிறதா? அப்படியே நீட்டினால் அது 42, 43 டிகிரிக்கு மேல் காட்டாது, காய்ச்சல் பார்க்கச் செய்த சாமான். ஆனால் நிறைய மாடல்களில் பொருளின் சூட்டைப் பார்க்கத் தனி நிலை இருக்கும், பொத்தானை அமுக்கி அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள். பளபளப்பான உலோகத்தில் தப்பாகக் காட்டும், அதனால் மூடியில் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் பாருங்கள். அக்கா வீட்டு டிகோடர் 58 காட்டியது. அந்த எண்ணை நாட்காட்டித் தாளில் எழுதி வைத்தேன், பின்னால் தேவைப்படும்.

கருகல் வாடை, பிளாஸ்டிக் பழுப்பேறியிருப்பது, பெட்டியிலோ அடாப்டரிலோ "ஙீ" என்ற இரைச்சல், இதில் ஏதாவது ஒன்று இருந்தால் இந்த வழிகாட்டியை இங்கேயே மூடிவிட்டுப் பிளக்கைப் பிடுங்குங்கள். அதைப் பழுது பார்ப்பவரிடம்தான் கொடுக்க வேண்டும், சோதனைக்கு ஓட்டக்கூடாது.

வெளியே எடுத்துச் சுத்தம் செய்வது

முதலில் சுவர்ச் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். அதற்குப் பிறகுதான் டிஷ் கேபிளைக் கழற்ற வேண்டும், ஏனென்றால் அந்தக் கேபிள் வழியாகப் பெட்டி மேலே எல்என்பிக்கு 13 அல்லது 18 வோல்ட் கரண்டு அனுப்பிக்கொண்டிருக்கும். ஆளை அடிக்காது, ஆனால் கழற்றும்போது நடுக்கம்பி ஓரத்தில் உரசினால் பெட்டிக்குள் அந்தப் பகுதி போய்விடலாம். எந்த வயர் எங்கே இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். மேலே மட்டும்தான் காற்றுத் துளை என்று பலர் நினைக்கிறார்கள். குளிர்ந்த காற்று அடியிலிருந்தும் பக்கத்திலிருந்தும் நுழையும், சூடானது மேலே போகும், அடியை அடைத்தால் மேலே எத்தனை துளை இருந்தும் பயனில்லை. நான்கு ரப்பர்க் கால்களில் ஒன்று கழன்று போயிருந்தால் பெட்டி தட்டோடு ஒட்டிப் படுத்திருக்கும்.

நம் வீட்டுத் தூசி சும்மா தூசி இல்லை. கொசுவத்திப் புகை, வெள்ளிக்கிழமை சாம்பிராணி, தாளிக்கிற எண்ணெய்ப் புகை, எல்லாம் சேர்ந்து பிசுபிசுவென்று துளையில் படிந்துவிடும், ஊதினால் போகாது. பழைய பெயின்ட் பிரஷ் ஒன்றைச் சுத்தமாகக் காயவைத்துத் துளைத் துளையாகத் தட்டி எடுங்கள், பிறகு ரப்பர் ஊதியால் ஊதுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உள்ளே போகும். ஈரத்துணியைக் காற்றுத் துளைப் பக்கமே கொண்டு போகக்கூடாது.

அப்புறம் பூச்சி. சூடான பெட்டி கரப்பானுக்கும் பல்லிக்கும் பிரசவ ஆஸ்பத்திரி மாதிரி. அக்கா வீட்டுப் பெட்டியைச் சாய்த்ததும் பக்கத் துளையிலிருந்து இரண்டு பல்லி முட்டை ஓடு உருண்டு விழுந்தது, அக்கா "ஐயோ அம்மா" என்று நாற்காலி மேல் ஏறிவிட்டார். ஓடு பரவாயில்லை, பல்லி சர்க்யூட் போர்டின் மேல் குறுக்கே விழுந்தால்தான் ஷார்ட் ஆகும். பூச்சி மருந்தை மட்டும் துளைக்குள் அடிக்காதீர்கள், எளிதில் தீப்பற்றக்கூடியது.

இடம் மாற்றுவது, பாதிப் பிரச்சினை இங்கேதான்

பெட்டியைச் சுற்றிலும் மேலேயும் ஒரு சாண் இடம் விடுங்கள். வேறு எந்தச் சாதனத்தின் மேலும் வைக்காதீர்கள், அதன் மேலும் எதையும் வைக்காதீர்கள். குறிப்பாக வைஃபை மோடமும் டிகோடரும் ஒன்றின் மேல் ஒன்று உட்காரக்கூடாது, இரண்டும் 24 மணி நேரமும் சூடு கக்குபவை. பின்னல் துணி, பிளாஸ்டிக் பூ, படம் எல்லாவற்றுக்கும் வேறு இடம் தேடுங்கள். அம்மாக்களிடம் இதைச் சொல்லும்போது கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள், அந்தத் துணி அவரே பின்னியதாக இருக்கும்.

கேபினட்டை விட்டு வெளியே எடுக்கவே முடியாது என்றால் கண்ணாடிக் கதவைத் திறந்தே வையுங்கள், பின்பலகையில் மேல் ஓரமாகவும் கீழ் ஓரமாகவும் கை நுழைகிற அளவு ஓட்டை போடுங்கள். ஒன்று மட்டும் போட்டால் பாதிப் பலன்தான், கீழே குளிர்க்காற்று நுழைந்தால்தான் மேலே சூடு வெளியேறும். மாலை வெயில் அடிக்கிற மேற்குச் சன்னல் பக்கமும் வேண்டாம்.

அக்கா வீட்டில் டிகோடரைக் கேபினட்டின் மேல்தட்டுக்கு, டிவிக்குப் பக்கவாட்டில் தனியாக மாற்றினோம். மறுநாள் அதே மதிய நேரத்தில் 49 டிகிரி. ஒன்பது குறைந்துவிட்டது. எட்டு நாள் நாடகம் தடையில்லாமல் ஓடியது, எனக்கு ஒரு தட்டு முறுக்கும் வந்தது. ஒன்பதாவது நாள் மதியம் மறுபடியும் நின்றது.

அடாப்டர், பிளக்

பெட்டியோடு வந்த அடாப்டர்தானா என்று பாருங்கள். பழையது கெட்டுப்போய் மோடத்து அடாப்டரைச் செருகியிருப்பார்கள், முனை பொருந்துகிறதே என்று. பெட்டியின் பின்னால் எழுதியிருக்கும் வோல்ட்டும் அடாப்டரின் வோல்ட்டும் ஒன்றாக இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம், குறையவே கூடாது. 12 வோல்ட் 1.5 ஆம்பியர் கேட்கிற பெட்டிக்கு 12 வோல்ட் 1 ஆம்பியர் கொடுத்தால் அடாப்டர் கொதிக்கும், பெட்டி தானாக அணைந்து எரியும், நாம் டிகோடரைத் திட்டுவோம். முனையின் பிளஸ், மைனஸ் படமும் ஒத்துப்போக வேண்டும். புதிதாக வாங்கினால் சிரிம் (மலேசியத் தரச் சான்று) ஸ்டிக்கர் ஒட்டியதாக வாங்குங்கள், பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஐந்து வெள்ளிக்குக் கிடைப்பதை வாங்கிச் சேமிக்க வேண்டாம். எக்ஸ்டென்ஷனில் பிளக் ஆடினாலோ ஓட்டை ஓரம் பழுப்பாக இருந்தாலோ அந்த எக்ஸ்டென்ஷனைத் தூக்கி எறியுங்கள், ஒட்டுப் போட்டு வைக்காதீர்கள்.

யாரும் பார்க்காத இடம்: டிஷ் கேபிள்

அக்கா வீட்டில் எனக்குத் தண்ணி காட்டியது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெட்டி மேலே கரண்டு அனுப்புகிறது என்றேன் அல்லவா. எல்என்பி குறைந்த அளவு கரண்டுதான் இழுக்கும். ஆனால் வெளியே இணைப்பியில் தண்ணீர் புகுந்துவிட்டால் நடுக்கம்பிக்கும் சுற்றியிருக்கும் வலைக்கம்பிக்கும் இடையே கரண்டு கசிய ஆரம்பிக்கும். பெட்டி அதையும் சேர்த்துக் கொடுத்துக்கொண்டே இருக்கும், கொடுக்கிற பகுதி சூடேறும், படமோ நன்றாகவே தெரியும். கோளாறு கூரையில், சூடு ஹாலில். யாருக்குச் சந்தேகம் வரும்?

நம் ஊர் டிஷ்களுக்கு இது அதிகம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. நம் டிவி சிக்னலை அனுப்பும் மீசாட் செயற்கைக்கோள் 91.5 பாகை கிழக்கில், நிலநடுக்கோட்டுக்கு மேல் நிற்கிறது, பேராக்கிலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட தலைக்கு மேலே, சற்று மேற்கே சாய்ந்து. அதனால் நம் டிஷ் வானத்தைப் பார்த்து நிமிர்ந்தே இருக்கும். வருடம் முழுக்க வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கிற ஊரில் மேலே போட்ட டேப் காய்ந்து வெடித்துப் போகும், தண்ணீர் கேபிள் வழியாகவே ஊர்ந்து வரும்.

சோதனை சுலபம். ஒரு நாள் மதியம் பெட்டியை வழக்கம்போல ஒரு மணி நேரம் ஓட்டிச் சூட்டை அளந்து எழுதுங்கள். மறுநாள் அதே நேரத்தில், பிளக்கைப் பிடுங்கி, டிஷ் கேபிளைக் கழற்றிவிட்டு, மறுபடியும் கரண்டு கொடுத்து ஒரு மணி நேரம் வையுங்கள். படம் வராது, "சிக்னல் இல்லை" என்று நிற்கும், நிற்கட்டும். சேனல் பிரிக்கிற வேலை இல்லாததால் இரண்டு மூன்று டிகிரி குறைவது இயல்பு. அக்கா வீட்டில் 49இலிருந்து 41க்கு இறங்கியது. எட்டு டிகிரி. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

கேபிள் முனையைப் பாருங்கள். நடுவில் இருக்கும் செம்புக் கம்பி பளிச்சென்று இருக்க வேண்டும். பச்சை பூத்திருந்தாலோ, கறுத்திருந்தாலோ, திருகும்போது ஒரு துளி தண்ணீர் வந்தாலோ மேலே பிரச்சினை இருக்கிறது. வலைக்கம்பியில் ஒரே ஒரு இழை வளைந்து நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் ஷார்ட்தான், ஊசி முனையளவு இழை, மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள்.

சரி செய்வது: கெட்டுப்போன பகுதியை வெட்டி எறிந்துவிட்டுப் புது இணைப்பி போட வேண்டும், அந்தப் பச்சைப் பூப்பு கேபிளுக்குள் வெகுதூரம் ஏறியிருந்தால் கேபிளையே மாற்ற வேண்டும். மேலே சுற்றுவதற்குச் சாதாரணக் கறுப்பு டேப் போதாது, இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்கிற ரப்பர் டேப் ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும், அதைச் சுற்றுங்கள். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் ஊஞ்சல் கயிறு மாதிரி கொஞ்சம் தொங்கவிட்டால் மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

கூரை ஏறுவதைப் பற்றி ஒரு வார்த்தை. டிஷ் சுவரில், ஏணி எட்டும் உயரத்தில் இருந்தால், காய்ந்த காலை நேரத்தில், ஏணியைப் பிடிக்க ஆள் வைத்துக்கொண்டு செய்யலாம். அஸ்பெஸ்டாஸ் கூரையில் கால் வைக்கவே கூடாது, பழைய தகடு அப்பளம் மாதிரி உடையும். ஜின்க் கூரையும் ஈரமாக இருந்தால் வழுக்கும். டிஷ் கூரை மேல் இருந்தால் இணைப்பு போடுகிறவரைக் கூப்பிட்டு "இணைப்பியை மட்டும் மாற்றுங்க" என்று கேளுங்கள், அது சின்ன வேலைதான்.

ஸ்டாண்ட்பை என்பது அணைப்பது இல்லை

ரிமோட்டில் அணைத்தால் விளக்கு நிறம் மாறும், உள்ளே பாதி வேலை நடந்துகொண்டேதான் இருக்கும். பதிவு செய்கிற வசதியுள்ள பெட்டியில் ஹார்ட் டிஸ்க் சுற்றிக்கொண்டே இருக்கலாம். ராத்திரி முழுக்க ஸ்டாண்ட்பையில் வைத்துக் காலையில் தொட்டுப் பாருங்கள், சூடாகவே இருக்கும். தூங்கும்போது சுவரில் அணைத்துவிடலாம், ராத்திரியில் பதிவுக்குப் போட்டு வைத்திருந்தால் மட்டும் விட்டுவையுங்கள். ஹார்ட் டிஸ்க் உள்ள பெட்டியை முதலில் ரிமோட்டில் அணைத்து, ஒரு நிமிடம் விட்டுச் சுவரில் அணையுங்கள். "டக் டக்" என்று சத்தம் வந்தால் டிஸ்க் போகப் போகிறது, சூட்டுக்குச் செய்கிற வைத்தியம் அதற்குப் பலிக்காது.

இடி இடித்தால் பிளக், டிஷ் கேபிள் இரண்டையும் பிடுங்குங்கள். பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய. மின்னல் கேபிள் வழியாகவும் வரும்.

காத்தாடி வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் கடைசியாக. மேலே சொன்னதை எல்லாம் செய்யாமல் காத்தாடி வைத்தால் தூசியைத்தான் வேகமாக உள்ளே தள்ளும். யுஎஸ்பியில் ஓடுகிற 5 வோல்ட் சின்னக் காத்தாடியைப் பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு பக்கத் துளையைப் பார்த்து மெதுவாக ஊதும்படி வைத்தால் போதும். மேலே கவிழ்த்து வைப்பதாக இருந்தால் சூட்டை மேல்நோக்கி இழுக்கிற மாதிரி வையுங்கள், கீழ்நோக்கி ஊதினால் தானாக எழும்புகிற காற்றோடு மல்லுக்கட்டும். கரண்டை டிகோடரின் யுஎஸ்பி துளையிலிருந்து எடுக்காதீர்கள், ஏற்கெனவே திணறுகிறவன் தலையில் இன்னொரு மூட்டை. பழைய போன் சார்ஜர் நல்லது. டிவியின் யுஎஸ்பியிலிருந்து எடுத்தால் டிவி அணைந்ததும் பெரும்பாலும் காத்தாடியும் நின்றுவிடும், பெட்டி மட்டும் ஸ்டாண்ட்பையில் வெந்துகொண்டிருக்கும்.

மூடியைத் திறப்பது

நிறுவனத்துக்குச் சொந்தமான பெட்டியாகவோ, வாரண்டி ஸ்டிக்கர் ஒட்டியதாகவோ இருந்தால் திறக்காதீர்கள், கூப்பிட்டு மாற்றச் சொல்லுங்கள். சொந்தப் பெட்டி என்றாலும் ஒன்றைக் கவனியுங்கள்: சுவரிலிருந்து வருகிற வயர் நேராகப் பெட்டிக்குள் போகிறதா, இடையில் அடாப்டர் இருக்கிறதா? நேராகப் போனால் உள்ளேயே பவர் போர்டு இருக்கிறது, அதில் ஒரு பெரிய கெபாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பின்னும் 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கக்கூடும். 18 வருடம் கரண்டில் வேலை பார்த்த நானே அதைச் சும்மா திறக்க மாட்டேன். அடாப்டர் வைத்த பெட்டியில் உள்ளே 12 வோல்ட்தான், பயம் குறைவு.

திறந்தால் பார்க்க வேண்டியது ஒன்று: சிறு டின் மாதிரி நிற்கும் கெபாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்கிறதா, உப்பியிருக்கிறதா. சூடு பத்து டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது எலெக்ட்ரானிக்ஸ்காரர்களின் பழைய கணக்கு. பல மாதம் மூடிய கேபினட்டில் வெந்த பெட்டி, இடம் மாற்றிய பின்னும் தகராறு செய்தால் பெரும்பாலும் இதுதான். சால்டரிங் தெரிந்தவர் அதே வோல்ட், அதே மைக்ரோஃபாரட், 105 டிகிரி என்று எழுதியதாகப் பார்த்து மாற்றலாம், ஒன்றின் விலை ஒன்றிரண்டு வெள்ளிக்குள்தான். தலைமைச் சில்லே போயிருந்தால் விட்டுவிடுங்கள், அதற்குச் செலவழிப்பது வீண்.

அக்கா வீட்டுப் பெட்டியைத் திறக்கவேயில்லை. சுவரோரம் ஏணி போட்டு எல்என்பி முனையைக் கழற்றியபோது டேப்புக்குள்ளிருந்து அரைத் தேக்கரண்டி அளவு பழுப்புத் தண்ணீர் என் முழங்கை வரை வழிந்தது, செம்புக் கம்பி பாசி பிடித்த மாதிரி பச்சை. ஒரு முழம் வெட்டி, புது இணைப்பி போட்டு, ரப்பர் டேப் சுற்றினேன். அன்று மதியம் மூன்று மணிக்கு 44 டிகிரி. மூன்று வாரமாக நாட்காட்டித் தாளில் எழுத ஒன்றுமில்லை. டிவிடி பிளேயரைத் தூக்கிப் போட அக்காவுக்கு மனம் வரவில்லை, அது பழைய கீழ்த்தட்டிலேயே இருக்கிறது, பின்னல் துணியோடும் பேரன் படத்தோடும், கண்ணாடிக் கதவை மூடிக்கொண்டு.